கண்ணை மூடிக்கொண்டு தேய்த்த அங்கி

அந்தச் சலவைக் கடையை நடத்தியது அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் இஸ்திரி போடுவார், தம்பி கறை எடுப்பான். ஊரில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணனுக்கு மடிப்பு என்று பெயர், தம்பிக்குக் கறை என்று பெயர். கறைக்கு இதில் வருத்தம் இல்லை. தன் கைக்கு வந்த கறை எதுவும் தங்கியதில்லை என்பதால் அதை அவன் பட்டமாகவே எடுத்துக்கொண்டான். மடிப்போ அறுபதைத் தொட்ட மனிதர். பேருக்கு ஏற்ற மாதிரி முகத்தைக்கூடக் கசங்காமல் விறைப்பாக வைத்திருப்பார்.

இருவரும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டுகிற வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாம் ஆண்டவர் வழியாக.

சண்டைக்குக் காரணம் ஒரு பேண்ட். அப்பா இறந்தபோது அவருக்குப் போடவேண்டிய உடுப்பை மடிப்புதான் தேய்த்தார். கடையை ஆரம்பித்தவரே அப்பாதான், அவருடைய கடைசி உடுப்பை மூத்த மகன் தேய்க்காமல் வேறு யார் தேய்ப்பது? சவப்பெட்டியைச் சுற்றிச் சபையே நின்றுகொண்டிருந்தது. கறை குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், நாலு பேர் காதில் விழும்படி, "அப்பாவ ரெண்டு மடிப்பு விழுந்த பேண்ட்ல அனுப்பறோம்" என்றான். இஸ்திரிக்காரரை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. ஒரு காலுக்கு ஒரு மடிப்புதான் இருக்கவேண்டும். பழைய கோட்டின் மேல் போகாமல் பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்தால், அது நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் செய்கிற காரியம். போதாக்குறைக்கு, மடிப்பு அப்பாவின் நெஞ்சில் வைத்திருந்த மலர்வளையத்தை எடுத்து முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தான் அந்தத் தம்பி. அண்ணன் வைத்ததை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"ரெண்டெல்லாம் கிடையாது. ஒண்ணுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மடிப்பு வாயை மூடிக்கொண்டார். இனி அவனோடு ஒரு வார்த்தை பேசினால் நான் அப்பாவுக்குப் பிள்ளை இல்லை என்று மனைவியிடம் சொல்லியும்விட்டார்.

சொல்வது சுலபம். நீராவி ஓடுகிற கடையில் ஊமையாக எத்தனை நாள் வேலை பார்க்க முடியும்? ஒருநாள் கறை ஏதோ நினைப்பில் சூடான குழாயின் மேல் கையை ஊன்றப் போனான். மடிப்பு அதைப் பார்த்துவிட்டார். வாய் திறந்தால் சபதம் போச்சு, திறக்காவிட்டால் கை போச்சு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அந்தக் குழாயிலேருந்து அவன் கைய எடுக்கச் சொல்லும், ஆமென்" என்று கத்தினார். கை தப்பியது. சற்று நேரம் கழித்துக் கறையும் கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, எச்சரிக்கை பண்ணினவரையும் ஆசீர்வதியும்" என்றான். மடிப்பு யோசித்துப் பார்த்தார். தம்பியோடு பேசவில்லை, ஆண்டவரோடுதான் பேசினார். ஆண்டவரோடு பேசமாட்டேன் என்று அவர் எப்போது சொன்னார்?

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வெறும் வழக்கம் இல்லை, அதற்கென்று ஒழுங்கும் முறையும் வந்துவிட்டன. ஜெபம் என்றால் கண்ணை மூடவேண்டும். எடுத்த எடுப்பில் குறை சொல்லக்கூடாது, முதலில் ஸ்தோத்திரம், அதற்குப் பிறகுதான் விண்ணப்பம். எதிராளி ஆமென் சொல்லும்வரை குறுக்கே பேசக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய இம்சை, திட்டக்கூடாது. மடையன் என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"இரக்கமுள்ள ஆண்டவரே, இந்தக் காலை வேளைக்காக ஸ்தோத்திரம்" என்று மடிப்பு ஆரம்பிப்பார். "ஞானத்தில் குறைவுள்ள உம்முடைய அடியான், வக்கீலோட கோட்ட மறுபடியும் கம்பி ஹேங்கர்ல மாட்டியிருக்கான். தோள்பட்டை தூக்கிக்கிட்டு நிக்குது. அவனுக்கு இரங்கும். ஆமென்."

"சகலத்தையும் அறிந்த ஆண்டவரே" என்று பதில் வரும். "அந்தக் கோட்ட மாட்டினது யாருன்னு உமக்குத் தெரியும். நேத்து சாயங்காலம் கடைசியா அதைத் தொட்டது யாருன்னும் தெரியும். மறதியால வருத்தப்படுற மூத்தவங்கள நீடிய பொறுமையோட தாங்கற பெலத்த எனக்குத் தாரும். ஆமென்."

வாடிக்கையாளர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். சட்டை வாங்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நிற்பார்கள். ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் சரியாகச் சொல்வார்கள். இவ்வளவு பக்தியான சலவைக் கடையை எங்கேயும் பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. உடம்பு சரியில்லாதவர்கள் அழுக்குத் துணியோடு வந்து, துவைத்த துணியோடும் மனநிம்மதியோடும் திரும்பினார்கள். சபையில் எங்கே அண்ணன் தம்பி தகராறு என்றாலும், "அந்தக் கடைக்குப் போய்ப் பாருங்க, எவ்வளவு தாழ்மையா பேசிக்கறாங்க" என்று பெரியவர்கள் புத்தி சொன்னார்கள்.

உண்மை தெரிந்தவள் கல்லாவில் உட்கார்ந்திருந்த மடிப்பின் மனைவி ஒருத்திதான். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அந்த ஆண்டவர்தான் பாவம்" என்பாள். மடிப்பு அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்த நேரத்தில்தான் சபைக்குப் புதிய போதகர் வந்தார். சின்ன வயது, மீசைகூட இன்னும் சரியாக இடம் பிடிக்கவில்லை. வந்த கையோடு, சனிக்கிழமைதோறும் நற்குணங்களுக்கு ஒரு வகுப்பு நடத்தப் போவதாக அறிவித்தார். "குணம்ங்கறது ஒரு பாஷை மாதிரி. படிச்சா மட்டும் வராது, பேசிப் பேசித்தான் வரும். தப்பா பேசினாலும் பரவாயில்ல, பேசணும்" என்பது அவர் கட்சி. அந்த பாஷையைச் சரளமாகப் பேசுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று சபையில் விசாரித்தார். எல்லாக் கைகளும் சலவைக் கடையைக் காட்டின.

அண்ணன் தம்பி இருவரையும் வகுப்புக்கு ஆசிரியர்களாக வரும்படி கேட்க அவர் நேரிலேயே வந்தார். அப்போது மடிப்பின் கையில் இருந்தது போதகருடைய அங்கிதான். வெள்ளை அங்கி, புதிது, அடுத்த ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டுதான் முதல் பிரசங்கம். மடிப்பு அதன் முதுகுப் பக்கத்தை விரித்து, ஈரம் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்த அந்த நேரம் பார்த்துக் கறை தொண்டையைச் செருமினான்.

"அன்பின் பிதாவே" என்றான். மடிப்பு கண்ணை மூடினார். போதகரும் பரவசத்தோடு கண்ணை மூடினார்.

"இத்தனை வருஷமா இந்தக் கடையில எனக்குச் சாப்பாடு போட்டதுக்காக ஸ்தோத்திரம். ஆண்டவரே, என் மச்சான் வேற ஊர்ல பெரிய சலவைக் கடை வெச்சிருக்கறது உமக்குத் தெரியும். கறை எடுக்க நம்பிக்கையான ஆள் வேணும்னு ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டிருக்கான். இத்தனை நாளும் நான் பிடி கொடுக்கல. எனக்கும் வயசாகுது. முகத்தப் பார்த்துப் பேசற ஒரு இடத்துல கொஞ்ச நாள் இருக்கணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது."

மடிப்பின் கை அசையவில்லை.

"அதனால வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் குடும்பத்தோட கிளம்பறேன். அண்ணிக்கு முழங்கால் வலி, கனமான மூட்டையத் தூக்க விடாதிரும். அண்ணனுக்குப் பக்கத்துல இருந்து குழாய் வால்வ மூடறதுக்கு ஆள் இல்ல, அவர் அதை மறந்துடுவார், ஞாபகப்படுத்தும்." குரல் கரகரத்தது. கறை ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனான். கடையில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்காகவும் விண்ணப்பம் செய்தான்.

தீய்ந்த வாசனை எல்லாருக்கும்தான் வந்தது. மடிப்புக்கு நன்றாகவே வந்தது. ஆனால் ஆமென் வரவில்லையே, கண்ணை எப்படித் திறப்பது? ஒன்பது வருஷத்துப் பழக்கம் கையைக்கூட எடுக்க விடவில்லை. போதகரும் வாசனையை ஏதோ பலி சம்பந்தப்பட்டதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அசையாமல் நின்றார். கடைசியில் கல்லாவிலிருந்து மடிப்பின் மனைவிதான், "ஆமென் ஆமென் ஆமென், பெட்டிய எடுங்க மனுஷா" என்று அலறினாள்.

அங்கியின் நடு முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் அச்சு அசலாகப் பதிந்திருந்தது, கூர்முனை மேலே பார்க்க.

அதற்குப் பிறகு எதையும் மறைக்க முடியவில்லை. மனைவி பேண்ட்டில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். போதகர் அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படுவார் என்று மடிப்பு எதிர்பார்த்தார். அவரோ அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"ஒம்பது வருஷமா நல்ல நல்ல வார்த்தையா தேடிப் பிடிச்சுப் பேசியிருக்கீங்க. அதுல ஒண்ணகூட ஒருத்தருக்கொருத்தர் சொன்னதில்ல" என்றார். "கர்த்தர் என்ன தபால்காரரா? ஒரு போதகர் இதைச் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். இனிமே இந்தக் கடைக்குள்ள யாரும் ஜெபம் பண்ணக்கூடாது. வேணும்ங்கறத எதிர்ல இருக்கறவர்கிட்ட கேளுங்க. ஐயா, நீங்க வகுப்புக்கு வாங்க. ஆசிரியரா வேணாம்."

அந்த வாரம் கடையில் மயான அமைதி. சபதம் போட்ட நாட்களைவிட இது மோசம். அப்போது கோபமாவது கூட இருந்தது. இப்போது மடிப்புக்குக் கோபமும் இல்லை, பாஷையும் இல்லை. அவர் சொல்லவேண்டியது ஒரே வார்த்தை, போகாதே. அதை வாய்வரை கொண்டுவருவார், கண் தானாக மூடிக்கொள்ளும், நாக்கு ஸ்தோத்திரம் என்று தொடங்கப் பார்க்கும், போதகர் உத்தரவு ஞாபகம் வரும், வார்த்தையை மென்று விழுங்கிவிடுவார். கறையோ தீய்ந்த அங்கியை வைத்துக்கொண்டு அந்தத் தடத்தை எடுக்க என்னென்னவோ தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். தீய்ந்தது கறை இல்லை, போகாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மடிப்பு வகுப்புக்குப் போனார். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில், முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்தார். நன்றி சொல்வது முதல் பாடம், தயவாகக் கேட்பது அடுத்தது, மன்னிப்பு கேட்பது கடைசி. போதகர் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். "எனக்கு நீ வேண்டும்." எனக்கு நீ வேண்டும். "நான் செய்தது தவறு." நான் செய்தது தவறு. பக்கத்தில் இருக்கிறவரோடு பழகிப் பார்க்கச் சொன்னார். மடிப்புக்குப் பக்கத்தில் வாய்த்தவர் பல் மருத்துவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வாயத் திறங்க" என்றார் பல் மருத்துவர், பழக்கதோஷத்தில். மடிப்பு திறந்தார், ஒன்றும் வரவில்லை.

கடைக்குத் திரும்பியபோது கறை இல்லை, வீட்டில் மூட்டை கட்டப் போயிருந்தான். மடிப்பு ஹேங்கர் வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, வக்கீலின் கோட்டைப் பார்த்து, "தம்பி, போகாதே" என்றார். என்ன ஆச்சரியம், வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கல்யாண கவுனிடம் சொன்னார், அதுவும் வந்தது. காவல்காரர் சீருடையிடம் கொஞ்சம் திக்கியது, அவ்வளவுதான். வரிசை முடிகிறவரை ஒவ்வொரு உடுப்பாக நிறுத்தி, போகாதே, நீ போனால் எனக்கு யாரும் இல்லை, நான் செய்தது தவறு என்று கெஞ்சிக்கொண்டே போனார். குரல் தழுதழுத்தது. இத்தனை தன்மையாகப் பேச தனக்கு வரும் என்று அவரே நினைத்ததில்லை.

"வக்கீல் கோட்டுகிட்ட என்ன வழக்கு?" என்று கேட்டாள் மனைவி. எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாளோ.

"பழகிப் பார்க்கறேன்."

"உள்ள ஆள் இருக்கற சட்டைகிட்டப் போய்ப் பேசுங்க. வந்துக்கிட்டிருக்கான்."

கறை வந்தது தன்னுடைய சாமான்களை எடுத்துப் போக. கடையில் அவனுக்கென்று இருந்தது பிரஷ்களும் சின்னச் சின்னப் புட்டிகளும்தான். ஒரு அட்டைப்பெட்டியில் அவற்றை அடுக்க ஆரம்பித்தான். அண்ணன் பக்கம் திரும்பவில்லை. மடிப்பு துணிக்குப் போடும் கஞ்சி மாவு கரைத்துக்கொண்டிருந்த கையோடு இஸ்திரி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் எதிரே நின்றார்.

"தம்பி" என்றார். "இந்த நாளுக்காக உனக்கு நன்றி."

கறை யாரோ வாடிக்கையாளர் வந்திருக்கிறாராக்கும் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

மடிப்பின் கண்கள் பழக்கப்பட்ட குதிரை மாதிரி தாமாகவே மூடிக்கொண்டன. திறந்தார், மூடிக்கொண்டன. இன்னொரு முறை திறந்தார். வேறு வழி தெரியவில்லை. இரண்டு கையாலும் இரண்டு இமைகளையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியே தம்பியைப் பார்த்தார்.

பார்த்தவர் சொல்ல வந்ததை மறந்துவிட்டார். எதிரே நிற்பது யார்? அவர் மனதில் இருந்த தம்பிக்கு மண்டை நிறையக் கறுப்பு முடி, கன்னத்தில் சதை. ஒன்பது வருஷம் பக்கத்திலேயே இருந்தவனை, பேசும்போது கண்ணை மூடிக்கொண்டும் பேசாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டும் கழித்துவிட்டார்.

"உன் தலை எப்படா இப்படி வெளுத்துது?"

"அது ஆச்சு நாலஞ்சு வருஷம்."

"சொல்லவே இல்லையே."

"ஜெபத்துல சொல்ற விஷயமாண்ணே அது?"

அண்ணே என்று சொல்லிவிட்டான். ஆண்டவரே என்று அழைக்காமல், நேராக. மடிப்பு வகுப்பில் படித்த வரிசை, நன்றி, தயவு, மன்னிப்பு, எல்லாம் தலைகீழாகக் கலைந்து போயிற்று. கோட்டிடம் அத்தனை அழகாகச் சொன்ன போகாதே எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. இமைகளைப் பிடித்தபடியே அவர் வாயிலிருந்து வந்தது, அவரே எதிர்பார்க்காத வேறொன்று.

"அப்பா பேண்ட்ல ரெண்டு மடிப்பு இருந்துச்சு."

கல்லாவில் மனைவி எழுந்து நின்றாள். கறை கையில் இருந்த புட்டியைக் கீழே வைத்தான்.

"நீ சொன்னது சரிதான். எனக்கு அப்பவே தெரியும். வீம்புக்கு ஒண்ணுன்னு சாதிச்சேன்" என்றார் மடிப்பு. "கண்ணுல தண்ணி நிக்காம வந்துச்சுடா. பழைய கோடு எங்க இருக்குன்னே தெரியல. தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் தேய்ச்சேன். அப்பாவோட துணிய நானே கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது? நான் செஞ்சது தப்பு."

கறை அட்டைப்பெட்டியையே பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"ரெண்டு இல்லண்ணே."

மடிப்புக்குச் சுருக்கென்றது. மானத்தை விட்டு இறங்கி வந்து ஒப்புக்கொண்டால், இப்போது இல்லை என்கிறானே. "பின்ன?"

"மூணு."

"மூணா?"

"மூணு. நானும் அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன், வாய்ல என்ன வருதுன்னு தெரியாம ஆளுங்க முன்னாடி சொல்லித் தொலைச்சுட்டேன். சொல்லும்போதே உங்க முகத்தப் பார்த்தேன். அதான் ஒண்ணக் குறைச்சுச் சொன்னேன்" என்றான் கறை. "மூணாவது முழங்காலுக்குக் கீழ விழுந்திருந்துச்சு. யாரும் பார்த்துடக் கூடாதேன்னுதான் அந்த மலர்வளையத்த எடுத்து அது மேல வெச்சேன்."

மடிப்பு நின்ற இடத்திலேயே நின்றார். அந்த மலர்வளையத்தைத்தான் அவர் ஒன்பது வருஷமாக மன்னிக்காமல் இருந்தார். பேண்ட்டைக்கூட ஒருவேளை மறந்திருப்பார், நெஞ்சில் வைத்ததைக் காலுக்குத் தள்ளினானே என்பது மட்டும் ஆறாமல் இருந்தது. எத்தனை ஸ்தோத்திரம், எத்தனை விண்ணப்பம், எத்தனை நீடிய பொறுமை. தாழ்மை, தயவு, சாந்தம் என்று இருவரும் மாற்றி மாற்றிப் பேசிய அத்தனையிலும் இது ஒன்று மட்டும் வரவில்லை. சொல்லாமல் செய்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான் பாவி.

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மூன்று மடிப்பு, கடவுளே, மூன்று மடிப்புப் பேண்ட்டோடு அப்பா போய்ச் சேர்ந்திருக்கிறார். இமைகளைப் பிடித்திருந்த கைகள் குலுங்கின. சிரித்துக்கொண்டிருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"போகாதடா" என்றார். முன்னால் நன்றியும் இல்லை, பின்னால் ஆமெனும் இல்லை.

கறை அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அப்புறம் சட்டென்று மேஜையைச் சுற்றி வந்து அண்ணனின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக் கீழே இறக்கினான்.

"கண்ணத் தேய்க்காதீங்கண்ணே" என்றான். "கையெல்லாம் கஞ்சி."